வேட்டை நாயைக் கயோட்டியிடமிருந்து காப்பாற்றுவது எப்படி?

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இரண்டு நாய்கள். காடை வேட்டைக்கு ஒரு பிரிட்டனி, முயல் விரட்ட ஒரு சிறிய பீகிள். ஜனவரி மாதத்தின் ஒரு மாலையில், ஓடைக்கரைப் புதரில் பீகிள் முயலின் மோப்பத்தைப் பிடித்துக் குரைத்தபடி ஓடிக்கொண்டிருந்தபோது மூன்று கயோட்டிகள் (வட அமெரிக்காவின் ஒருவகைக் காட்டு நாயினம்) அதன் பின்னால் வந்திருக்கின்றன. அவர் கத்திக்கொண்டே ஓடியதும் அவை விலகிவிட்டன. நாய்க்குக் காயம் எதுவும் இல்லை. கவச உடை வாங்கலாமா, முள் பதித்த கழுத்துப்பட்டை மாட்டலாமா, அடுத்த முறை சுட்டுவிடலாமா, இல்லையென்றால் பீகிளை இனி வீட்டிலேயே விட்டுவிட வேண்டியதுதானா என்பது அவருடைய கேள்வி.

பீகிளை வீட்டில் பூட்டி வைக்க வேண்டாம். கவசம் வாங்கலாம், தவறில்லை. ஆனால் வேட்டைக்களத்தில் நாயின் உயிரைத் தீர்மானிப்பவை இரண்டு: நாய் உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கூப்பிட்டால் வருகிறதா. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எவ்வளவு பணம் செலவழித்தாலும் பயன் குறைவு. அன்று மூன்று கயோட்டிகளையும் விரட்டியது உங்கள் குரலும் கால்களும்தான். நீங்கள் ஓடி எட்டக்கூடிய தூரத்தில் நாய் இருந்ததால் அது பிழைத்தது.

முதலில் கயோட்டியின் அளவைப் புரிந்துகொள்வோம். ஓநாயைவிடச் சிறியது, நம் ஊர்க் குள்ளநரியைவிடப் பெரியது. கேன்சஸ் சமவெளியில் வளர்ந்த கயோட்டி பெரும்பாலும் 10 முதல் 16 கிலோவுக்குள் இருக்கும். குளிர்கால ரோமத்தில் பார்க்கும்போது அதைவிடப் பெரிதாகத் தெரியும். நியூயார்க், மெய்ன் பக்கத்துக் கயோட்டிகளுக்கு ஓநாய் ரத்தமும் கலந்திருப்பதால் அவை இன்னும் கனமானவை. ஒரு காலத்தில் மேற்குச் சமவெளிகளை ஒட்டியே வாழ்ந்த விலங்கு இது. ஓநாய்களை மனிதர்கள் ஒழித்துக்கட்டிய பிறகு பரவிப் பரவி, இன்று ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. பீகிளின் எடை 9 முதல் 14 கிலோ. அதாவது ஒற்றைக் கயோட்டிக்கே அது கிட்டத்தட்டச் சமமான எடை. மூன்று சேர்ந்தால் எதிர்த்து நிற்க வாய்ப்பே இல்லை. பிரிட்டனி 14 முதல் 18 கிலோ வரை இருக்கும். ஓட்டத்தில் வேகமானது, வேட்டைக்காரரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளும் குணமும் உண்டு. எனவே உங்கள் இரண்டு நாய்களில் ஆபத்து அதிகம் பீகிளுக்குத்தான்.

பயத்தை அதன் அளவில் வைத்துக்கொள்ளவும் வேண்டும். மனிதனைக் கண்டதும் ஓடி மறைவதுதான் பெரும்பாலான கயோட்டிகளின் வழக்கம். வேட்டைக்குப் போகும் நாய்களுக்கு வெயில், சாலை வாகனம், முள்கம்பி வேலி ஆகியவை அன்றாட ஆபத்துகள். 2003 அக்டோபரில் தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் என்ற பறவையின் வேட்டைப் பருவம் தொடங்கிய நாளில், எதிர்பாராத வெப்பத்தால் ஏராளமான நாய்கள் செத்துப்போயின. கயோட்டிக்கு பயந்து கனத்த கவசத்தைப் போர்த்தி, செப்டம்பர் வெயிலில் நாயை ஓடவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

கயோட்டி ஏன் நாயை நெருங்குகிறது? சில சமயம் இரையாக, பெரும்பாலும் எதிரியாக. பொமரேனியன், டெரியர் போன்ற சிறு நாய்களைப் புறநகர்களில் தூக்கிச் செல்வது இரைக்காக. அப்போது கழுத்தையும் தொண்டையையும் பிடிக்கும். நடுத்தர, பெரிய நாய்களிடம் அதன் நோக்கம் வேறு. தன் எல்லைக்குள் இன்னொரு நாயினம் நுழைந்துவிட்டது, அதை வெளியேற்ற வேண்டும். அப்போது பின்னால் வந்து தொடையையும் இடுப்பையும் கடிக்கும். வேட்டை நாய்களின் காயங்களில் கணிசமானவை பின்பாகத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். பீகிள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இரையாகப் பார்க்கப் போதுமான அளவு சிறியது, எதிரியாகப் பார்க்கப் போதுமான அளவு சத்தம் போடுவது.

காலம் இதில் மிக முக்கியம். கயோட்டிகள் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை இணைசேரும். சுமார் 63 நாள் சினைக்காலம். ஏப்ரல், மே மாதங்களில் வளைக்குள் குட்டிகள் பிறக்கும். இணைசேரத் தொடங்கும் நாளிலிருந்து, குட்டிகள் வளையைவிட்டு வெளியே வந்து நன்றாக ஓடத் தொடங்கும் கோடை நடுப்பகுதி வரை, அந்தச் சோடி தன் எல்லையை விட்டுக்கொடுக்காது. இலையுதிர்காலத்தில் இளங்கயோட்டிகள் குடும்பத்தைவிட்டுப் பிரிந்து அலையும். அவற்றுக்குச் சொந்த எல்லை கிடையாது, நாயைக் கண்டால் ஆர்வத்தோடு பார்க்கும், விரட்டினால் ஓடிவிடும்.

இதை உங்கள் வேட்டை நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். கேன்சஸில் காடை, ஃபெசன்ட் பருவம் நவம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை. அதன் பெரும்பகுதி ஒப்பீட்டளவில் அமைதியான காலத்தில் வந்துவிடுகிறது. கடைசி இரண்டு வாரங்களில்தான் சூடு ஏறும். முயல் வேட்டைக்கோ அங்கே ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு. பறவைப் பருவம் முடிந்ததும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பீகிளை அவிழ்த்துவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கயோட்டி சோடிகள் மிகவும் முறுக்கேறி இருக்கும் நேரம் அதுதான். ஜனவரி மாலையில் மூன்று கயோட்டிகள் சேர்ந்து வந்தன என்றால், அவை ஒரு சோடியும் முந்தைய ஈற்றில் பிறந்து இன்னும் பிரியாத ஒன்றுமாக இருக்கக்கூடும். அது அவற்றின் வீட்டு வாசல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடை முடியும்வரை அந்த ஓடைக்கரையில் பீகிளை விடாதீர்கள். உயிருக்கு உயிராக வளர்க்கும் நாய்க்காக ஒரு வேட்டையிடத்தை விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பில்லை.

நாய் பழக்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் துப்பாக்கி இல்லாமல், வேட்டை நினைப்பே இல்லாமல், இளம் நாயைப் புல்வெளியில் ஓடவிட்டுப் பயிற்சி கொடுப்போம். பயம் வேண்டியது அப்போதுதான். கயோட்டிகளைச் சுடுபவர்களில் ஒரு சாரார் இதே குணத்தைத் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்துகிறார்கள். கயோட்டிகள் குட்டி போட்டிருக்கும் காலத்தில், நன்றாகப் பழக்கப்பட்ட ஒரு நாயை வளை இருக்கும் பக்கம் அனுப்புவார்கள். அதைக் கண்டதும் கயோட்டி சோடி விரட்டிக்கொண்டே வரும். நாய் நேராக எசமானிடம் ஓடிவரும், பின்னால் வரும் கயோட்டி துப்பாக்கியின் முன் வந்து நிற்கும். அதற்கென்றே பழக்கப்பட்ட நாய் என்பதால் அது திரும்பி ஓடிவரத் தெரிந்து வைத்திருக்கிறது. உங்கள் பீகிளுக்கு அது தெரியாது.

இங்கே பரவலாக நம்பப்படும் ஒரு கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கயோட்டி முன்னால் வந்து நாயோடு விளையாடுவதுபோல் நடித்து, மறைந்திருக்கும் கூட்டத்திடம் அதை இழுத்துச் செல்லும் என்பார்கள். அப்படித் திட்டமிட்டுக் கண்ணி வைப்பதற்குச் சான்று இல்லை. நடப்பது எளிமையானது. நாய் கயோட்டியைத் துரத்துகிறது. கயோட்டி தனக்குப் பாதுகாப்பான இடத்தை நோக்கி, அதாவது தன் துணையும் குடும்பமும் இருக்கும் பக்கமாக, ஓடுகிறது. அங்கே போனதும் துரத்திய நாய் தனியாக நிற்கிறது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதில் பயன் இருக்கிறது: கயோட்டியைத் துரத்தாத நாய்க்கு இந்த ஆபத்து பெருமளவு இல்லை. துரத்தாமல் இருக்கப் பழக்குவது நம் கையில் இருக்கிறது. இரவில் கேட்கும் ஊளையும் அப்படித்தான். இரண்டு கயோட்டிகள் குரலை ஏற்றி இறக்கி, உடைத்து உடைத்துக் கத்தும்போது ஏழெட்டு இருப்பதுபோல் காதுக்குத் தோன்றும்.

இப்போது பழக்கத்துக்கு வருகிறேன். லாப்ரடார், ஸ்பானியல் போன்ற நாய்கள் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள், 25, 30 மீட்டருக்குள் வேலை செய்யும். அவற்றுக்குக் கவலை மிகவும் குறைவு. பிரிட்டனி 100 மீட்டர்வரை போகும், புல்வெளி திறந்திருந்தால் இன்னும் அதிகம். அதை உங்கள் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குள் வேலை செய்யப் பழக்கலாம். பீகிளின் வேலையே வேறு. முயல் வட்டமடித்துத் தான் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் என்பதை நம்பி வேட்டைக்காரர் ஓரிடத்தில் நிற்பார். நாய் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் விடாமல் குரல் கொடுத்துக்கொண்டே மோப்பத்தில் ஓடும். அந்தக் குரல்தான் வேட்டைக்காரருக்கு இன்பம். சுற்றியிருக்கும் கயோட்டிகளுக்கும் அதே குரல் அறிவிப்பாகிவிடுகிறது. அதனால் பீகிளோடு போகும்போது நீங்கள் நிற்கும் முறையை மாற்றுங்கள். ஒரே இடத்தில் காத்திருக்காமல் வட்டத்தின் உட்பக்கமாக நாயோடு நகர்ந்துகொண்டே இருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பீகிள்களை விடுபவர்கள் பின்தங்கும் நாயைக் கவனியுங்கள். வயதானது, நொண்டுவது, அன்றைக்குச் சோர்ந்தது எதுவாயினும் அதைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட வேண்டும்.

கூப்பிட்டால் வருவதற்கான பயிற்சி வீட்டு முற்றத்தில் தொடங்க வேண்டும். 10 மீட்டர் கயிறு, ஒரு விசில், கையில் நல்ல இறைச்சித் துண்டு. ஒரே மாதிரியான விசில் ஒலி, வந்ததும் உடனே தீனி. கொஞ்சம் கொஞ்சமாக இடத்தை மாற்றி, கவனம் சிதறும் இடங்களில் பழக்கி, அதற்குப் பிறகே கயிறு இல்லாமல். இரண்டு விஷயங்களை மட்டும் மீறாதீர்கள். வந்த நாயை எந்தக் காரணத்துக்காகவும் திட்டக் கூடாது. எவ்வளவு நேரம் கழித்து வந்திருந்தாலும் சரி. விசில் அடித்தால் வேட்டை முடிந்தது என்ற எண்ணமும் அதற்கு வரக் கூடாது. ஒரு மணி நேர வேட்டையில் நாலைந்து முறை கூப்பிட்டுத் தீனி கொடுத்து மறுபடியும் போகவிடுங்கள். கூப்பிட்டதும் கயிற்றைப் போட்டு வண்டியில் ஏற்றுவதையே வழக்கமாக வைத்திருந்தால், புத்திசாலியான பீகிள் மூன்றாவது வாரத்தில் காது கேட்காததுபோல் நடிக்கும்.

மோப்பத்தில் இருக்கும் பீகிளுக்கு உண்மையிலேயே காது கேட்காது என்றும் சொல்வார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால் இந்த இனத்துக்குக் கழுத்துப்பட்டையிலிருந்து வரும் பீப் ஒலியைத் தீனியோடு சேர்த்துப் பழக்குவது நல்ல பலன் தருகிறது. ஒலி அதன் காதுக்கு அருகிலேயே எழுகிறது. அதற்கும் வராவிட்டால், முயல் போகும் பாதையைக் கணித்து முன்னால் போய் நின்று நாயைக் கையால் பிடித்துக்கொள்வதே பழைய பீகிள்காரர்களின் வழி. மின்னதிர்வு தரும் பட்டையைப் பயன்படுத்துகிறவர்கள், கட்டளை நன்றாகப் படிந்த பிறகு, மிகக் குறைந்த அளவில், அனுபவமுள்ள பயிற்சியாளர் அருகில் இருக்கும்போது தொடங்குங்கள். கயோட்டியோடு நாய் சண்டையில் இருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தவே கூடாது. வலி எதிரியிடமிருந்து வருகிறது என்று நாய் எடுத்துக்கொள்ளும்; ஒன்று, இன்னும் மூர்க்கமாகப் பாயும், இல்லையென்றால் உறைந்து நிற்கும். இரண்டுமே அதைக் கொன்றுவிடும்.

நாயை இறக்கிவிடும் முன் நிலத்தைப் பாருங்கள். வேலியோரத்திலும் மாட்டுத்தடத்திலும் ரோமமும் எலும்புத்துணுக்கும் கலந்த எச்சம் கிடக்கிறதா, ஓடை மணலில் நாய்க்கால் போன்ற, ஆனால் சற்று நீண்டு குறுகிய தடம் நேர்கோடாகப் போகிறதா என்று கவனியுங்கள். நிலத்துக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கத் தவறாதீர்கள்: செத்த மாடுகளை எங்கே போடுகிறீர்கள்? பண்ணைகளில் வீட்டிலிருந்து தள்ளி ஒரு பள்ளத்தில் அவற்றைப் போடும் வழக்கம் உண்டு. அப்படி ஓர் இடத்தைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். விலா எலும்புகள் வெளுத்துக் கிடக்கும், புதிய உடலின் வயிற்றுப்பக்கம் திறந்திருக்கும், சுற்றியுள்ள புல் மிதிபட்டுப் படிந்து, நான்கு திசையிலிருந்தும் ஒற்றையடித் தடங்கள் வந்து சேரும். அதற்கு அரை மைல் தூரத்தில்கூட நான் நாயை அவிழ்க்க மாட்டேன். விடியலும் அந்தியும் கயோட்டி நடமாட்டம் மிகும் நேரங்கள். பீகிளைக் காலை பத்து மணிக்குமேல் விட்டு, சூரியன் சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

கயோட்டி எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது? ஒன்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டே, நீங்கள் நகர்ந்தால் தானும் நகர்ந்து பின்தொடர்ந்தால், அது பெரும்பாலும் உங்களைத் தன் எல்லையிலிருந்து வெளியே கொண்டுபோய் விடுகிறது என்று பொருள். மரவரிசையின் நிழலை ஒட்டி, தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்தி, காதுகளைப் பின்னால் மடக்கி, சத்தமில்லாமல் கூடவே நடந்து வரும். நீங்கள் ஒரு வேலியைத் தாண்டியதும் அங்கேயே நின்றுவிடும். குரைப்பையும் ஊளையையும் கலந்து இடைவிடாமல் கத்தினால் வளை மிக அருகில் இருக்கிறது. இரண்டு சந்தர்ப்பங்களிலும் நாயைக் கூப்பிட்டுக் கயிற்றில் பிடித்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள். கயோட்டிக்கு முதுகைக் காட்டி ஓடாதீர்கள். நாய் தூரத்தில் இருந்தால் அதை நோக்கி நீங்கள் போக வேண்டும். கைகளை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு, வேகமாக. மனிதன் தன்னை நோக்கி நேராக வருவதை இந்த விலங்கு வெறுக்கிறது. பீகிள் கையில் சிக்கினால் தூக்கிக்கொள்ளலாம்.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேன்சஸில் வேட்டை உரிமம் உள்ளவர் ஆண்டின் எந்த நாளிலும் கயோட்டியைச் சுடலாம், எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆனால் நிலத்துக்கு நிலம் விதி மாறும்; தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. சட்டத்தைவிடப் பெரிய தடை வேறு. உங்கள் துப்பாக்கியிலிருப்பது காடைக்கான சிறு ரவைக் குண்டு. முப்பது, நாற்பது மீட்டரில் அது கயோட்டியைக் கொல்லாது, காயப்படுத்தி அலையவைக்கும். அருகில் வந்தால் கொல்லும், ஆனால் அந்த நேரத்தில் நாயும் கயோட்டியும் ஒரே உருளையாகப் புரண்டுகொண்டிருக்கும், ரவை இருவரையும் சேர்த்தே துளைக்கும். நாய் விலகி நிற்கிறது, பின்னால் ஆளோ வீடோ மாடோ இல்லை என்று உறுதியாகத் தெரிந்தாலொழியக் குறிவைக்காதீர்கள். ஆபத்தில்லாத திசையில் ஒரு வெடிச்சத்தம் போதும், பெரும்பாலானவை பிய்த்துக்கொண்டு ஓடும். சண்டையைப் பிரிக்க ஓடும்போது துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு ஓடுங்கள். விஸ்கான்சின், மினசோட்டாவின் வடபகுதிக்கு நாயோடு போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அங்கே ஓநாய்கள் உண்டு, 2022 பிப்ரவரியில் வந்த நீதிமன்றத் தீர்ப்பு அவற்றுக்கு மத்தியச் சட்டப் பாதுகாப்பைத் திரும்பக் கொடுத்தது. கயோட்டி என்று நினைத்துச் சுட்டேன் என்பது பெரிய வழக்கில் கொண்டுபோய் விடும்.

விஸ்கான்சினின் அனுபவத்தில் நமக்குப் பாடமும் இருக்கிறது. அங்கே கரடி மோப்பத்தில் ஓடும் வேட்டை நாய்களை ஓநாய்கள் கொல்வது நீண்டகாலச் சிக்கல். ஒரு நாய்க்கு 2,500 டாலர்வரை மாநில அரசு இழப்பீடு தருகிறது. அதோடு, தாக்குதல் நடந்த இடங்களைச் சுற்றி எச்சரிக்கை வட்டம் வரைந்து வரைபடமாக வெளியிடுகிறது. அந்த வட்டத்துக்குள் நாயை விடாதே என்பதுதான் அதன் சாரம். பல பத்தாண்டுகளாக இதைச் சமாளிக்கும் ஒரு துறையே இடத்தைத் தவிர்ப்பதைத்தான் முதலில் சொல்கிறது. உங்கள் கைப்பேசி வரைபடத்தில் நீங்களும் அப்படிப் புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

சாதனங்களில் நான் முதலில் பணம் போடச் சொல்வது ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைக்கு. கார்மின் ஆல்ஃபா போன்ற கருவிகள் நாய் எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை கையில் காட்டும். கைப்பேசி சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். பீகிள் முயலைத் துரத்தும்போது திரையில் கோடு வளைந்து வளைந்து வரும். அது திடீரென்று நேர்கோடாக நீண்டு, வேகமும் கூடினால் நாய் முயலை விட்டுவிட்டு மானையோ கயோட்டியையோ துரத்துகிறது. நாயின் குரலும் அடங்கி, ஓடிக்கொண்டிருந்த புள்ளி ஒரே இடத்தில் நின்றுவிட்டால் உடனே புறப்படுங்கள். கவச உடைகளில் இரண்டு வகை உண்டு. புதர், முள்கம்பியிலிருந்து மார்பைக் காக்கும் கார்டுரா துணி ஒன்று; பல் இறங்காதபடி கெவ்லர் இழையில் செய்தது மற்றொன்று. டெக்சஸில் காட்டுப்பன்றி வேட்டை நாய்களுக்குப் போடும் கனமான கவசமும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. கெவ்லர் பல்லைத் தடுக்கும். தாடையின் நசுக்கும் விசையையும் உதறலையும் முழுதாகத் தடுக்காது. கழுத்தையும் பின்தொடையையும் மூடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள், குளிர்நாளில் மட்டும் போடுங்கள். முள் பட்டை துருக்கியின் கங்கால் காவல் நாய்களுக்குச் சரி. அவை திறந்த மேய்ச்சல் நிலத்தில் நிற்பவை. முட்புதரில் நுழைந்து வேலியடியில் தவழும் பீகிளுக்கு அது மாட்டிக்கொள்ளும் கொக்கியாகிவிடும். விலை குறைந்த, ஆனால் எல்லோரும் வாங்க வேண்டிய பொருள் பளீரென்ற ஆரஞ்சு நிற மேலாடை. கயோட்டி வேட்டைக்காரர்கள் உங்கள் நாயைக் கயோட்டி என்று நினைத்துவிடாமல் அது காக்கும்.

கயோட்டி இருக்கும் இடத்தில் கயோட்டிக்காக வைத்த சுருக்குக் கண்ணியும் இருக்கும். வேலிக்கு அடியில் விலங்குகள் நுழைந்து போகும் பொந்தில் எஃகுக் கம்பி வளையமாகத் தொங்கும். நாயின் கழுத்து அதில் நுழைந்தால், இழுக்க இழுக்க இறுகும். கேன்சஸில் ரோமத்துக்காக விலங்குகளைப் பொறி வைத்துப் பிடிக்கும் பருவம் நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரிவரை போகிறது. உங்கள் பறவைப் பருவத்தின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடுகிறது. எஃகு வடம் வெட்டும் கருவி ஒன்று பையில் இல்லாமல் போகாதீர்கள். சாதாரணக் கொறடு அந்தக் கம்பியை வெட்டாது, நாய் மூச்சுத் திணறும்போதுதான் அது தெரியவரும். கயிற்றில் கட்டினால் இழுக்காமல் அமைதியாக நிற்கப் பழகிய நாய் கண்ணியிலும் அப்படியே நிற்கும். இந்த ஒரு பழக்கம் அதற்கு நிமிடங்களைச் சம்பாதித்துக் கொடுக்கிறது.

கடி பட்டுவிட்டால், வெளியே தெரியும் காயத்தை நம்பாதீர்கள். பீகிளின் விலாவில் பட்ட கடி வெளியே எப்படி இருக்கும் தெரியுமா? வெள்ளை ரோமத்தில் சில்லறைக்காசைவிடச் சிறிய இரண்டு துளைகள், ஓரத்தில் கொஞ்சம் ஈரம், ரத்தம் அதிகம் இருக்காது. நாய் எழுந்து நிற்கும், வாலைக்கூட ஆட்டும். மருத்துவர் ரோமத்தை மழித்ததும் நீலமும் கருஞ்சிவப்புமாக ஒரு கையகலம் தெரியும். துளைக்குள் கருவியை விட்டால் தோலுக்கும் தசைக்கும் நடுவே அது தடையில்லாமல் வெகுதூரம் போகும். பிடித்து உதறியதில் தோல் தசையிலிருந்து பிரிந்திருக்கும், கீழே தசை நசுங்கியிருக்கும், விலா எலும்பும் உடைந்திருக்கலாம். முதல் நாள் நன்றாக இருக்கும் நாய் மூன்றாம் நாள் சீழ்பிடித்துக் காய்ச்சலில் விழுவது இதனால்தான். எத்தனை சிறிய துளையாக இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அதுவரை செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். திறந்து திறந்து பார்க்காதீர்கள். மார்பில் துளை விழுந்து மூச்சோடு குமிழி வந்தால் பிளாஸ்டிக் தாளை வைத்து மூடுங்கள். ஈறை விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும், வெளுத்தே இருந்தால் நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. கம்பளி போர்த்தி, வண்டியை எடுத்துக்கொண்டு, மருத்துவமனைக்கு வழியிலேயே சொல்லிவிடுங்கள். முள்கம்பிக் கிழிசலுக்காகத் தோல் ஸ்டேப்ளர் வைத்திருப்பீர்கள். அதைக் கடித்துளையில் போடாதீர்கள், அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். மனிதர்களுக்கான இபுபுரூஃபனோ பாராசிட்டமாலோ கொடுக்கவே கூடாது. வலியில் இருக்கும் நாய் எசமானையும் கடிக்கும். மூச்சுத் திணறல் இல்லையென்றால் துணிப்பட்டையால் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கயோட்டிகளையெல்லாம் ஒழித்துவிட்டால் என்ன என்று சில பண்ணைக்காரர்கள் உங்களிடம் சொல்வார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சுட்டும், விஷம் வைத்தும், பொறி போட்டும் அது குறையவில்லை; பரவியிருக்கிறது. எல்லையுள்ள சோடியைக் கொன்றால் காலியான இடத்துக்கு அலைந்து திரியும் இளசுகள் வந்துவிடும். குட்டிகளை நெருங்காதவரை நாயைத் தொந்தரவு செய்யாமல் அந்தப் பகுதியில் பழகிய ஒரு சோடி இருப்பது எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது. நாயைக் கண்டதும் பயமில்லாமல் திரும்பத் திரும்ப வருகிற, மனிதனுக்கும் விலகாத கயோட்டி வேறு விஷயம். அதை மாநில வனவிலங்குத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக நோய்கள். கேன்சஸில் ரேபிஸ் முக்கியமாக ஸ்கங்க் என்ற விலங்கிடம் சுற்றுகிறது. அதிலிருந்து கயோட்டிக்கும் தொற்றலாம். தெற்கு டெக்சஸில் 1988 முதல் கயோட்டிகளிடமே நாய்வகை ரேபிஸ் பரவி, 1995இல் தொடங்கி விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த தீனியைத் தூவி அதை ஒழிக்க வேண்டியிருந்தது. பகலில் நடமாடுவதாலேயே ஒரு கயோட்டிக்கு ரேபிஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் கடித்தது எதுவாக இருந்தாலும் ரேபிஸ் தொடர்பு என்றே கருதி நடக்க வேண்டும். தடுப்பூசி காலாவதியாகாத நாய்க்கு உடனே இன்னொரு ஊசி போட்டு 45 நாள் கவனிப்பில் வைப்பார்கள். தடுப்பூசியே போடாத நாய்க்கு மாதக்கணக்கில் கடுமையான தனிமை, இல்லையென்றால் கருணைக்கொலை. ஓர் ஊசியைத் தவறவிட்டால் கொடுக்க வேண்டிய விலை இதுதான் என்பதை நினைத்துக்கொண்டு இன்றே அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். கடிபட்ட நாயின் ரோமத்தில் கயோட்டியின் எச்சில் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள், உங்கள் கையில் கீறல் இருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி மருத்துவரிடம் சொல்லுங்கள். கயோட்டி கொல்லப்பட்டிருந்தால் தலையைச் சிதைக்காமல் வையுங்கள். பரிசோதனைக்கு மூளை வேண்டும், உங்கள் மாநிலத்தின் மன்ஹாட்டன் நகரிலுள்ள கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரேபிஸ் ஆய்வுக்கூடம் அந்தச் சோதனையைச் செய்கிறது.

கயோட்டிகளிடம் சொறியும் அதிகம். உரசல் நடந்து சில வாரங்களில் பீகிளின் காதோரம், முழங்கை, வயிற்றுப்பக்கம் ரோமம் உதிர்ந்து, இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தால் தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சொறியை உண்டாக்கும் நுண்பூச்சி நுண்ணோக்கியில் அகப்படாமலும் போகலாம் என்பதால் அறிகுறியை வைத்தே மருந்து தொடங்கும் மருத்துவர்கள் உண்டு. பிரிட்டனியும் அதே வீட்டில் படுப்பதால் இரண்டுக்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும்.